ஆகாயத்தில் ஒரு சாட்சி

பதின்மூவாயிரம் அடி உயரத்தில் விமானத்தின் வாசலில் நின்று, மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் பூமாதேவியை நோக்கி விழப்போகிறவனுக்குப் பாராசூட் விரியுமா என்பதே பிரதானக் கவலையாக இருக்கும் என்று நாம் பாமரத்தனமாக நினைத்துக்கொண்டிருக்க, அவனோ தன் தலைக்கவசக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பக்கத்திலிருப்பவனை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

இருநூறு முறையாவது குதித்த பிறகே கேமராவைத் தொடுவது உசிதம் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் உபதேசிப்பது, இருபத்தைந்தாவது குதிப்பிலேயே சிநேகிதர்களுக்குப் படம் காட்டத் துடிக்கும் வாலிபனுக்குக் கிழவர்களின் ஆசாரமாகத்தான் தோன்றும். ஆனால் விரிகிற பாராசூட்டின் கயிற்றுக்கு, கேமராவுக்கும் கவசத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைச் சந்து போதும். சிக்கினால் இழுபடுவது கழுத்து. ஆகையால் விவேகி சந்தை ஒட்டுநாடாவால் அடைத்து, துருத்தும் முனைகளை மழுக்கி, ஒரே இழுப்பில் கவசம் கழன்றுபோகும்படி மோவாய்ப் பட்டையில் ஒரு பிடியும் வைத்துக்கொள்கிறான். அருமையாக வாங்கிய பொருளைத் தூக்கி எறிவதற்கென்று தனியே ஒரு செலவு!

1988-ல் வட கரோலினாவில், நூற்றுக்கணக்கான தடவை குதித்துத் தேர்ந்த ஒருவர் கேமராச் சாமான்களைச் சுமந்துகொண்டு குதித்தார், பாராசூட்டைத்தான் மாட்டிக்கொள்ளவில்லை. படம் பதிவாகியிருந்தது.