சாவி எங்கே?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய விண்டோஸின் 25 எழுத்துச் சாவியைத் தொலைத்துவிட்டேன். மறுபடியும் காசு கட்ட வேண்டுமா?

பதில்: வீட்டுச் சாவி தொலைந்தால் வீட்டையே மறுபடி விலைக்கு வாங்குவீர்களா?

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது கம்பெனியிலேயே போட்டு வந்த லேப்டாப் என்றால், சாவி பெரும்பாலும் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும். அதே பதிப்பை மறுபடி ஏற்றும்போது விண்டோஸே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்து மெஷினா? அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால், ‘ஓ’வா சைபரா என்று குழம்ப வேண்டாம். அந்த இரண்டுமே விண்டோஸ் சாவியில் வராது!

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இலவசமாகச் சாவி தருகிறேன் என்று வரும் புரோகிராம்களைத் தொடாதீர்கள். அவற்றில் பலவும் திருடனுக்குக் கதவு திறப்பவை.