ஸ்பிரிங் வெட்டிய தம்பி

ஸ்பிரிங் வெட்டிய தம்பி மும்பைத் தமிழ் இளைஞர்களில் ஒரு வகை. தாராவி 90 அடி சாலை, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் கேம்ப் ஆகிய இடங்களில் இரவு பத்து மணிக்கு மேல் காணப்படுவார். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுவார். வயது 22 முதல் 30 வரை. வேலை உண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஆகிவிட்டால் இந்த வகையிலிருந்து விலகிச் சீட்டுக் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

இவரது வாகனம் பெரும்பாலும் இரண்டாவது கையாக வாங்கிய மாருதி ஸ்விஃப்ட். நம்பர் பிளேட்டில் 8055 இருந்தால் அதை வளைத்து நெளித்து 'பாஸ்' என்று படிக்க வைத்திருப்பார். 2005-இல் இந்தியாவுக்கு வந்த இந்தக் காரின் பின்புறத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குறுக்கே ஒரு டார்ஷன் பீம், இரண்டு சுருள் ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர், சக்கரத்துக்குள் டிரம் பிரேக். குடும்பத்தோடு கோயிலுக்குப் போக இது தாராளம். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே கம்பெனி விட்டிருந்த 170 மில்லிமீட்டர் இடைவெளி தம்பியின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் கண்ணுக்கு அதில் ஆட்டுக்குட்டி புகுந்து போகும்.

வண்டியை இறக்க முறையான வழி, அதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கும் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் வாங்குவது. தம்பி குர்லா சி.எஸ்.டி. ரோடுவரை போய் விலை கேட்டுவிட்டுத் திரும்பினார். பட்ஜெட் ஏற்கெனவே 17 அங்குல அலாய் வீலில் தீர்ந்திருந்தது. மீதி இருந்தது பட்டறையின் கிரைண்டர் ஒன்றுதான். இந்த ஊரில் சாயாவுக்கும் கட்டிங், ஸ்பிரிங்குக்கும் கட்டிங். "சலேகா?" என்று தம்பி கேட்க, "தௌடேகா" என்றார் மெக்கானிக்.

ஓடத்தான் செய்தது. ஆனால் ஸ்பிரிங்கின் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். வேலை செய்யும் ஐந்து சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 25 சதவீதம் ஏறும். ஷாக் அப்சார்பர் அசைய இடமின்றி ரப்பர் முட்டில் போய் முட்டும். நாளடைவில் ஆயில் கசியும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும் போதெல்லாம் ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி பாரம் விழும்போது 'டக்' என்று உட்காரும். அகல டயர் மட்கார்டின் உள்பக்கத்தை உரசும். இந்தச் சத்தங்கள் எதுவும் தம்பிக்குக் கேட்பதில்லை. ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு டிக்கியில் வைத்த வூஃபர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பிரேக் தனிக் கதை. ஏ.பி.எஸ். இல்லாத பழைய கார்கள் சிலவற்றில் பின் அச்சோடு இணைந்த வால்வு ஒன்று உண்டு. பின்புறம் தணிந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டு, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி அனுப்பும். ஸ்பிரிங் வெட்டிய வண்டியில் வால்வின் கணக்குப்படி ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு எப்போதும் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. உண்மையில் இருப்பதோ தம்பி ஒருவர். மழையில் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் உருளாமல் இறுகி, வண்டியின் வால் வழுக்கும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'டிரிஃப்ட்'.

டிரம்முக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்ததுண்டு; கழற்றிப் பார்த்ததில்லை. காந்தி மார்க்கெட் வெள்ளத்தில் நீந்தி வந்த பிறகு உள்ளே ஈரம், துரு, தேய்ந்த லைனர். வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஆயில் லைனரில் பட்டுவிட்டால் பிடி போய்விடும், ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கோணலாக இழுக்கும். பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கும்.

சட்டமும் தம்பியை மறந்துவிடவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம்வரை சிறையும் கிடைக்கலாம். நடைமுறையில் கான்ஸ்டபிள் கண்ணாடியின் கறுப்பு ஃபிலிமையும் சைலன்சரையும் பார்ப்பார். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்க்கும் கான்ஸ்டபிள் அபூர்வம்.

குனியாமலேயே அதைக் கண்டுபிடிப்பவர் அத்தை. தம்பி ஒருநாளும் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அத்தைக்கு வேறு சீட் கிடைத்ததில்லை. தாராவியிலிருந்து செடா நகர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பரிசோதனை முடிந்துவிடும்.

"ஏலே, பின்னால என்னமோ டக்கு டக்குன்னு இடிக்குலே."

"ரோடு அப்படி, அத்தே."

"ரோடு நடுமுதுகுலயா இடிக்கும்?"

தம்பி வால்யூமைக் கூட்டுவார். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். வெட்டு, வூஃபர், அத்தை மூன்றையும் கழித்த பிறகு வண்டியில் மிஞ்சும் இடைவெளியும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அத்தை இறங்கி, நடந்து, மறுபடி ஏறுவார். கோயில் படிகளை முணுமுணுக்காமல் ஏறிவிடுகிறவர், காரின் கதவைத் திறக்கும் போதெல்லாம் முருகனைக் கூப்பிடுவார்.

தரிசனம் முடிந்து தம்பி வண்டியை எடுத்து வருவதற்குள் அத்தை திலக் நகர் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டிருப்பார். குர்லாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். டிக்கெட் 5 ரூபாய்.