கத்தரிக்கோல் எடுத்த படம்

கேள்வி: கண், மூக்கு எதுவும் தெரியாத கறுப்பு நிழலுருவங்களை வைத்து, பேச்சும் இல்லாமல், ஒரு முழுநீளப் படம் எடுக்க முடியுமா?

பதில்: எடுத்தே காட்டிவிட்டார் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர். 1926-ல் வெளியான ‘இளவரசர் அஹமதுவின் சாகசங்கள்’தான் இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மூத்தது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது 1937-ல்! ஸ்டுடியோ? பாட்ஸ்டாமில் ஒரு வங்கியாளரின் கார் ஷெட்டுக்கு மேலிருந்த அறை. ஆயுதம்? கத்தரிக்கோல். கறுப்பு அட்டையையும் ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கோத்து, கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேல் கிடத்தி, இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்தார். 3 ஆண்டுகள் ஆயின. முகம் இல்லாத குறையைத் தோளும் விரலும் தலைச்சாய்வும் தீர்த்துவைத்தன. க்ளோஸ்-அப்பில் முகம் மட்டுமே தெரியும் ஹீரோக்கள், இந்த அட்டைகளிடம் ட்யூஷன் போகலாம்!