இஞ்சித் தாத்தா

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ் என்று எந்தப் பக்கத்துப் பழைய தோட்டத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். காதில் பென்சில். சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரத் துடிக்கும் அளவு டேப். ஒரு காலத்தில் ஆபீஸ் கிராணி. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் இவர் மட்டும் மறுநடவுக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறார்.

யார் வீட்டில் குசினியைப் பின்னால் நீட்டினாலும் மணல் லோரிக்கு முன்னால் இவர் வந்துவிடுவார். "பசியாறிட்டியா?" என்று கேட்கும் ஊரில், இவர் மட்டும் "எத்தனை இஞ்சி?" என்று கேட்பார். மலாய்க்காரர் வாயில் புழங்கிய இஞ்சி, தோட்டத்துத் தமிழனின் அங்குலத்தைத் தின்றுவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி, "சுவருக்கு இன்னும் ஆறு இஞ்சி வேணும்" என்று இவர் சொன்னதைக் கேட்டு, காய்கறிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தாளாம்.

இந்தக் கணக்குப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. 1972இல் எடை அளவுச் சட்டம் வந்து, ராத்தலும் கட்டியும் மெல்ல மெல்லக் கிலோவுக்கு வழிவிட்ட காலம். 40 ராத்தல் என்று எழுதிய கை 18 கிலோ என்று எழுதியதும், பால்வெட்டும் அம்மாக்கள் சும்மா விடுவார்களா? "மீதி 22 எங்கய்யா போச்சு?" அன்று வாங்கிய ஏச்சில் 0.4536 இவருக்கு மந்திரமாகிவிட்டது. சாமி கும்பிடும்போதும் அதைத்தான் முணுமுணுக்கிறார் என்று வீட்டம்மா சொல்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் குழப்பம் இவருடையதல்ல. ஒரே வீட்டுக்கு சிமெண்டு 50 கிலோ மூட்டை, பிளைவுட் எட்டுக்கு நாலு அடி, கம்பியின் கனம் மில்லிமீட்டர், மணல் லோரிக் கணக்கு. ஆணியை மட்டும் இவர் இன்னும் கட்டியில்தான் கேட்பார். தவுக்கேயும் மறுபேச்சில்லாமல் 600 கிராம் நிறுத்துக் கொடுத்துவிடுவார்.

பலகை விஷயத்தில் இவரை அசைக்க முடியாது. "டன்னுன்னா ஆயிரம் கிலோ தாத்தா" என்று பேரன் கைப்பேசியை நீட்டினான். தாத்தா சிரித்தார். மரக்கடை டன் எடையே இல்லை. அது 50 கன அடி, அதாவது 1.416 கன மீட்டர். செங்கால் மரம் ஒரு டன் வாங்கினால் ஆயிரம் கிலோவைத் தாண்டும், ஜெலுத்தோங் வாங்கினால் அதை எட்டவே எட்டாது. பேரன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அப்படிப்பட்டவர் சறுக்கியது டைலில். இருபதடிக்குப் பத்தடி குசினி. "200 சதுர அடி, ஓரடி டைல் 200. இதுக்கு எதுக்குடா கணக்கு?" என்று விட்டார். ஆனால் கடையில் ஓரடி என்று விற்கும் டைல் 300 மில்லிமீட்டர். அசல் அடியோ 304.8. நீளவாக்கில் 20 டைல் அடுக்கியதும் 96 மில்லிமீட்டர் பாக்கி, கிட்டத்தட்ட நாலு இஞ்சி. இடையில் விட்ட சந்துகள் அதில் கொஞ்சத்தை விழுங்கியும், சுவரோரம் இரண்டு இஞ்சிக்கு வெறும் சிமெண்டு பல்லிளித்தது.

குத்தகைக்காரர் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா டைலைப் பார்த்தார். குனிந்து, அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "என் கணக்குல தப்பில்ல தம்பி. டைலுதான் குட்டை."

உங்கள் வீட்டில் வேலை நடந்தால் இவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார். டைல் வாங்கப் போகும் அன்றைக்கு மட்டும் டேப்பை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.