'ராவே' போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வேளாண் கல்லூரியில் இறுதியாண்டுக்கு வந்துவிட்டால் கிராமத்தில் போய்த் தங்கித்தான் ஆக வேண்டும். ரந்தாவா குழு பரிந்துரைத்த ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம், சுருக்கமாக 'ராவே', அப்படி ஓர் ஏற்பாடு. கட்டாயம் என்று தெரிந்தும் ஊரில் யாராவது "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பார்கள். மதிப்பெண்ணுக்கு என்று உளறிவிடாதீர்கள். வகுப்பே இல்லாத மாதங்கள், வார்டன் இல்லாத ராத்திரிகள் என்பதெல்லாம் மனசோடு இருக்கட்டும். "விவசாயிகளிடம் கற்றுக்கொள்ள வந்தோம்" என்பதுதான் மரபு. சொன்ன கையோடு அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்குங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் தென்னைக்கு வேர்வழி டானிக் கட்டிக் காட்டுவது உறுதி. பென்சில் தடிமனில் உயிருள்ள வேராகத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, 200 மில்லி டானிக் பைக்குள் நுழைத்துக் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. தோப்புக்காரர் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதைப் பார்த்தவர். ஆனாலும் முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டுவார். அந்த நடிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் போடுவதில்லை. அடுத்தது, 2016-இல் அங்கே தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை நீங்கள் தூக்கிக் காட்டும்போது, "அதெல்லாஞ் செரி அம்மிணி, காய் போட ஆளு கெடைக்குமா?" என்பார். கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை. "நன்றி ஐயா" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

செயல்விளக்கம் சொதப்பலாம், படம் சொதப்பக் கூடாது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வர வேண்டியது அது. பேனர் சுருங்காமல், தொப்பி கோணாமல், நடுவில் ஒரு விவசாயி. வேட்டி கட்டியவராகப் பாருங்கள். அரைக்கால் சட்டை போட்டவர் பத்து ஏக்கர் வைத்திருந்தாலும் படத்தில் விவசாயியாகத் தெரியமாட்டார். களையெடுக்கும் பெண்களைக் கூப்பிட வேண்டாம். அவர்களுக்கு அது கூலி நேரம். உங்களுக்கு வெளிச்சம் போய்விடும்.

பிறகு பி.ஆர்.ஏ., அதாவது ஊர்க்காரர்களே பங்கேற்கும் ஊரக மதிப்பீடு. கோயில் வாசலில் வண்ணக் கோலப்பொடியால் ஊர் வரைபடம். ஊர்க்காரர்கள்தான் வரைய வேண்டும் என்பது விதி. அவர்கள் மெதுவாக வரைவார்கள் என்பதால் நீங்களே வரைந்துவிடுவது வழக்கம். காலனி விடுபட்டுப்போனால் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். இந்த முறையை உலகெங்கும் பரப்பிய இராபர்ட் சேம்பர்ஸ், வெளியூர்க்காரர்கள் தார்ச்சாலை ஓரத்தையும் வசதியான ஆண்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று 1983-லேயே எழுதிவிட்டார். அவரைப் படிக்காமல் அவர் முறையைச் செய்வது மனசுக்கு நல்லது.

கடைசியாக அறிக்கை. சீனியர் அறிக்கையை வாங்கித்தான் எழுதப்போகிறீர்கள். ஊர்ப் பெயரை முதல் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்; உள்ளே மண்வளம், மழையளவு, நன்றியுரை எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.