ஒலிக்கசிவு சித்தியார்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீடே இவ்வாய்வின் களம். முன்னறையில் பாடகர், உள்ளறையில் மிருதங்கம், அதற்கும் உள்ளே சமையலறை, அதில் ஆயா. பாடகரின் மைக்கில் மிருதங்கம் ஏறுகிறது, மிருதங்கத்தின் மைக்கில் பாட்டு ஏறுகிறது, இரண்டிலும் குக்கர் விசில் ஏறுகிறது. ஸ்டுடியோக்காரர்கள் இதை லீக்கேஜ் என்பார்கள். சுருதி விலகிய வரியைப் பாடகர் மறுபடி பாடி ஒட்டவைத்தாலும், மிருதங்க மைக்கில் புகுந்துவிட்ட பழைய வரி ஆவியைப் போல அடியில் நின்று கூடவே பாடும். கம்ப்யூட்டரில் அதைச் சுவடில்லாமல் ஓட்டத் தெரிந்த மந்திரவாதி இன்னும் அகப்படவில்லை.

இத்துறையின் முதல்நூல் இந்த மண்ணிலேயே பிறந்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக்கோயிலும் உண்டு. திருவெம்பாவையைப் பக்தி நூல் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வீதியில் நின்று பெண்கள் பாட, கதவுக்குள் தோழி உறங்க, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துக்கொண்டே போவது கள ஆய்வன்றி வேறென்ன? முதல் பாட்டிலேயே இரண்டு முடிவுகள் பதிவாகின்றன. தெருவில் எழுந்த வாழ்த்தொலி படுக்கைவரை எட்டி ஒருத்தி அழுது புரள்கிறாள். இன்னொருத்திக்கோ ஒன்றுமே கேட்கவில்லை. அவள் காதைக் குறை சொன்ன தோழிகள் கதவின் கனத்தை அளக்காமல் போனது அவ்வாய்வின் பெருங்குறை. பின்னாளில் அப்பாட்டு கடல் கடந்து தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்களிடம் சேர்ந்தது. பாங்காக் ஊஞ்சல் விழாவுக்குத் திரியம்பாவாய் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இதைவிட நெடுந்தூரக் கசிவு எனக்குத் தெரிந்து இல்லை.

இனிப் பரபக்கம். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை முதலில் மறுத்துவிட்டே தம் கொள்கையை நிறுவினார். அம்முறையே இங்கும்.

முட்டை அட்டை வாதி முதலில் வருகிறார். சுவர் முழுக்க அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது அவர் கட்சி. அட்டைக்கு எடை இல்லை. அறைக்குள் திரும்பி வரும் ஒலியில் மேல்சுருதியை மட்டும் அது கொஞ்சம் தணிக்கும். பக்கத்து அறைக்குக் கிளம்பிவிட்டதை நிறுத்தாது. ஒலியை உறிஞ்சுவது வேறு, மறிப்பது வேறு. அத்தனை முட்டையைத் தின்று தீர்ப்பது சைவ நெறிக்கும் ஒவ்வாது. அவருக்குத் துணையாக எழும் மெத்தை வாதி, 1895-இல் ஹார்வர்டில் ஆராய்ச்சி தொடங்கிய வாலஸ் சாபைனைச் சாட்சிக்கு இழுக்கிறார். சாபைன் இரவிரவாக நாற்காலி மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி அளந்தது உண்மை. ஆனால் அவர் அளந்தது ஒரே கூடத்துக்குள் ஒலி எவ்வளவு நேரம் நின்று தேய்கிறது என்பதை. சாட்சி செல்லாது.

மூன்றாமவர் சத்தப்பிரம வாதி. சித்தியாரே மறுத்த பதினான்கு மதங்களில் இதுவும் ஒன்று. நம் களத்தில் அதன் பிரதிநிதி ஆயா. “எல்லாம் சத்தந்தாண்டா, ஒம் பாட்டு மட்டும் இன்னா தனியா? கதவத் தெறந்து வெச்சிக்கினு பாடு!” இவரை மறுப்பது சுலபமில்லை. சாம்பாரும் அவர் கையில் இருக்கிறது.

இனி நம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம். சுவர் நிரபராதி. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஐந்தாறு டெசிபல் கூடுதலாக மறிக்கும். நாலரை அங்குலச் சுவரை ஒன்பது அங்குலமாக்கக் கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலிக்குக் கிடைப்பது அவ்வளவே. குற்றவாளி கதவுக்குக் கீழே இருக்கிறான். ஏழடிக் கதவின் அடியில் முக்கால் அங்குலச் சந்து இருந்தால் அது கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியைத் தேக்கால் செய்தாலும் இரும்பால் செய்தாலும், அந்த வாசலில் மறிபடுவது சுமார் இருபது டெசிபல்தான். செங்கல் சுவர் தனியாகவே நாற்பதுக்கு மேல் மறிக்கும். சந்தை விட்டுவிட்டுச் சுவருக்குச் சிங்காரம் செய்கிறவர்கள் இதை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

ஆகவே பழைய வேட்டியில் மணலைச் சுருட்டித் தைத்துக் கதவடியில் கிடத்துக. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுக. கதவுக்கு மேலே வென்டிலேட்டர் என்று ஒன்று இருக்கும், எல்லாரும் மறப்பது அதைத்தான்; கனத்த பலகையால் அடைக்க. மைக் தன் முதுகுப்பக்கம் வருவதைக் குறைவாகவே கேட்கும் வகையானால் அதன் முதுகை உள்ளறைக்குக் காட்டுக. பாடகர் மைக்குக்குப் பாதித் தூரம் நெருங்கினால் அவர் குரல் ஆறு டெசிபல் ஏறும், கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. கிரைண்டர் தரை வழியாகப் பேசும். அடியில் தடித்த ரப்பர் போடுக.

இத்தனையும் செய்தபின் ஓர் உபவிளைவு தெரியவரும். ஒலி புகாத அறையில் காற்றும் புகாது. மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் திருவண்ணாமலையில் இப்படி ஒரு விருத்தம் பாடி முடிப்பவர் தவசிகளின் வரிசையில் வைக்கத்தக்கவர்.

பறவைகளுக்குச் சுவரும் பொருட்டில்லை. பேசும்படத்தின் தொடக்க காலத்தில் சென்னை ஸ்டுடியோக்களில் காக்கை சுடவே ஆள் வைத்திருந்தார்கள். இங்கே கத்துவது மயில். அது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் காவலில் இருப்பது. துப்பாக்கியை மறந்துவிடுக.

மிஞ்சுவது பஞ்சாங்கம். பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை முழுதும் ஜனம் நடக்கும். அன்று மைக்கை உறையில் இடுக. தீபத் திருவிழா நாட்களும் அப்படியே. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். தேய்பிறையில், இரவு பத்துக்கு மேல், குக்கர் இறங்கியபின் பதிவு செய்க. அப்போது ஆயா தூங்கியிருப்பார். அவர் குறட்டை தரை வழியாக வருகிறதா காற்று வழியாகவா என்பதில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.