சூரியன் ஆதிக்கமுள்ள எண்

எங்கள் சித்தப்பா, கூட்டுத்தொகை எட்டு வரும் வண்டியில் லிஃப்ட் கூடக் கேட்க மாட்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் கூட்டி முடித்துவிடுவார். இந்த வேகம் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் கணக்கில் பாஸாகியிருப்பார் என்பது சித்தியின் அபிப்பிராயம். அவரிடம் 2147483647 என்று எழுதி நீட்டினேன்.

“ரெண்டுல ஆரம்பிக்குதே, லேண்ட்லைனா?”

“இல்ல சித்தப்பா, கணிதத்துல பெரிய புள்ளி.”

“நாற்பத்தாறு... நாலும் ஆறும் பத்து... ஒண்ணு. சூரியன்! ராஜயோகம்டா!”

யோகம் உண்மைதான். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. இது பகா எண் என்று 1772-ல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போயிருந்தது. வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரையுள்ள பகா எண்களையெல்லாம் போட்டு வகுத்துப் பார்ப்பது குமாஸ்தா வேலை. ஆய்லரோ, 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருகிறவற்றுக்கு மட்டுமே இதை வகுக்கும் யோக்கியதை உண்டு என்று கண்டு, மற்றதையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டார். இதிலிருந்து 19 இலக்க நிறைவெண் (தன்னை விட்டுவிட்டு வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்) ஒன்று பிறக்கிறது. அதைப் பற்றி 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், பயனில்லாத வேலை, இதற்குமேல் யாரும் தேடப் போவதில்லை என்று எழுதிவைத்தார். பயனில்லை என்பதற்காக மனிதன் எந்த வேலையை விட்டிருக்கிறான்? 1876-ல் லூகாஸ் என்ற கணித வல்லுநர் இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணையே கொண்டுவந்து நிறுத்தினார்.

குணம் விசாரித்தபோதுதான் சிக்கல். இந்த விஷயத்தில் கணித வல்லுநர்கள் கல்யாணத் தரகர்களைவிடக் கறார். இலக்கங்களின் வர்க்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் 1-ல் முடிய வேண்டும். அதுதான் மகிழ்ச்சியான எண். இதுவோ 260, 40, 16, 37 என்று போய், 89-ஐத் தொட்டு, 4-க்கு இறங்கி, மறுபடி 16-க்கே வந்து நிற்கிறது. ஆக, மகிழ்ச்சியற்றது. தன்னை விட்டுவிட்டு வகுத்திகளைக் கூட்டினால் வெறும் 1, அதனால் குறைவெண். இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள், ஒற்றைப்படை. அதனால் வெறுக்கத்தக்க எண். (இரட்டைப்படையானால் தீய எண். எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாது.) ஒரே ஆறுதல், 1073741823, 1073741824 என்ற அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக இருப்பதால் பணிவான எண் என்றும் ஒரு பட்டம் உண்டு.

சித்தப்பா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பணிவு இருக்குல்ல? போதும். சந்தோஷம் யாருக்குடா இருக்கு?”

ஆயுள் பாவத்தையும் சொன்னேன். பழைய 32 பிட் கணினிகள் 1970 பிறந்ததிலிருந்து நொடிகளை எண்ணிவருகின்றன. அவற்றுக்கு எட்டுகிற கடைசி எண் இதுதான். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பிவிடும். அடுத்த நொடி, திருத்தாமல் விட்ட கணினிகள் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

“என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“செவ்வாய்க்கு எமகண்டம் ஒன்பது மணிக்கு மேலதானே? அதுக்குள்ள என்ன அவசரமாம்?”